சுவரை எடுக்கலாமா, மாடி ஏற்றலாமா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து டவுன்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும்தான் வேலை. எங்கள் பஜாரில் ஒரு கடைக் கட்டடம் சரிந்து விழுந்த பிறகு, பிளான் கேட்டு வருகிறவர்களைவிட "இதை எடுத்தால் விழுமா, அதை ஏற்றினால் தாங்குமா" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து "தாங்கும்" என்று யாராலும் சொல்ல முடியாது. "தாங்காது" என்று வேண்டுமானால் சில சமயம் சொல்லலாம்.

அந்தக் கட்டடம் விழும்போது நீங்கள் அங்கே இருந்தீர்களாமே. என்ன நடந்தது?

இருந்தேன். எதிர்ப்பக்கத்து ஹோட்டலில் தேநீருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பல நாளாக விடாத மழை. அந்தக் கட்டடம் ரோட்டுப் பக்கம் பார்த்தால் மூன்று மாடி, பின்னால் பள்ளத்திலிருந்து பார்த்தால் ஐந்து. அடுத்தடுத்து இருந்த இரண்டு சின்னக் கடைகளை, நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரே கடையாக ஆக்கியிருந்தார்கள். மேல் மாடியும் பிற்பாடு ஏற்றியதுதான். அதற்கும் மேலே தண்ணீர்த் தாங்கிகள்.

அன்று காலையில் கடை திறக்கும்போதே ரோலர் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். மேலே இருந்த பீம் தொய்ந்து கதவின் சட்டத்தை அழுத்திக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது.

சத்தம் எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சாந்து உதிர்ந்து பிஸ்கட் டின்களின் மேல் விழுகிற சத்தம். பிறகு விட்டு விட்டு 'டக், டக்' என்று எதுவோ முறிகிற சத்தம். கடைப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்தவன், "முதலாளி, வெளியே வாங்க, எல்லாரும் வெளியே வாங்க" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடி வந்தான். சாமான் வாங்க வந்தவர்களும் ஓடி வந்தார்கள். முதலாளி கல்லாப் பெட்டியைப் பூட்டப் போனார். அந்தப் பையனே திரும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தான். கட்டடத்தின் நடுப்பகுதி முதலில் இறங்கியது. அப்புறம் மொத்தமும் பள்ளப் பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு தூசியைத் தவிர எதுவும் தெரியவில்லை. கீழ்த்தட்டு ஸ்டோரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரின் கால் பீமுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உயிரோடு மீட்டார்கள்.

கீழே சுவரை எடுத்தார்கள், மேலே பாரத்தை ஏற்றினார்கள், பின்னால் மண்ணில் தண்ணீர் இறங்கியது. நான் பார்த்த அளவில் காரணம் இந்த மூன்றும் சேர்ந்ததுதான். ஒன்று மட்டும் நடந்திருந்தால் அது இன்னும் சில வருடம் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. மலையகத்து டவுன்களில் இந்த மூன்றும் ஒரே கட்டடத்தில் நடப்பது சர்வசாதாரணம்.

சுவரைத்தானே எடுக்கிறோம், தூணை இல்லையே?

எந்தக் காலத்துக் கட்டடம் என்று முதலில் பாருங்கள். எங்கள் பஜார்களில் பழைய கடைகளுக்குத் தூணே கிடையாது. கருங்கல்லோ செங்கல்லோ வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர்கள். மேல் தளத்து மர உத்திரங்கள் அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கும். அங்கே சுவர்தான் தூண். அதை எடுத்தால் மேலே உள்ளதற்கு நிற்க இடமில்லை.

பிற்காலத்தில் கொங்கிரீட் தூணும் பீமும் வைத்துக் கட்டியதாக இருந்தால், நடுவில் உள்ள 4½ அங்குலச் சுவர் வெறும் மறைப்பாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். காசு மிச்சம் பிடிக்க, வெளிப்பக்கம் மட்டும் தூண் போட்டு உள்ளே சுவரின் மேலேயே கொங்கிரீட் தட்டை ஊற்றிய கட்டடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூச்சுக்குப் பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வீட்டுக்காரர் தானே பார்க்கக்கூடிய சில விஷயங்கள் உண்டு. கீழ்ச் சுவருக்கு நேர் மேலே மேல் மாடியிலும் சுவர் இருக்கிறதா? உத்திரமோ பீமோ அந்தச் சுவரில் வந்து முடிகிறதா? சுவரின் தடிப்பு 9 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் சுத்தியலை எடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றாலும் அது அனுமதி ஆகிவிடாது. பொறியியலாளர் வந்து பார்க்கட்டும்.

பாரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பலருக்கு உறைக்கிறது. 10 அடிக்கு 10 அடி அறைக்கு 5 அங்குலத் தட்டு போட்டால் தட்டு மட்டும் கிட்டத்தட்ட 2.8 தொன். 20 அடிக்கு 30 அடி கடை என்றால் 17 தொன். சுவர், ஆட்கள், அலுமாரி, அரிசி மூட்டை எதுவும் இதில் சேரவில்லை. 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் இன்னொரு தொன். அந்த நடுச்சுவர் இத்தனை காலம் பேசாமல் சுமந்தது இதில் பாதியையாவது இருக்கும்.

சுவரை எடுத்தே ஆக வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. கணக்குப் போட்டு அளவெடுத்த இரும்பு கேடரோ கொங்கிரீட் பீமோ போட வேண்டும். அதன் இரு முனையும் உட்காருகிற இடம் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். அது முடியும்வரை மேல் தளத்துக்கு ஜாக் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சுவர் வழியாக நீளமாகப் பரவி இறங்கிய பாரம், பீம் போட்டதும் இரண்டு முனைகளில் குவிகிறது. அதனால் அந்த முனைகளுக்குக் கீழே உள்ள அத்திவாரத்தையும் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மேலே மாடி ஏற்றத்தான் கம்பி விட்டு வைத்திருக்கிறோமே?

மலையகத்தில் பாதி வீடுகளின் மொட்டை மாடியில் அந்தக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மகன் வெளிநாடு போய்ப் பணம் அனுப்பியதும் ஏற்றலாம் என்று விட்டவை. மழையும் பனியும் பட்டுத் துருவேறி நிற்கும். மேலே கம்பி நீட்டிக்கொண்டிருப்பதால் கீழே அத்திவாரம் அதற்கேற்பப் போடப்பட்டது என்று அர்த்தமில்லை. கட்டிய அன்று யாராவது கணக்குப் போட்டார்களா, அந்தத் தாள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தாள் இல்லையென்றால் அத்திவாரத்தின் ஓரத்தில் குழி தோண்டி அதன் அகலம், ஆழம், மண் எல்லாம் பார்க்க வேண்டும். தூணில் எத்தனை கம்பி, கொங்கிரீட் என்ன பலத்தில் இருக்கிறது என்று சோதிக்கவும் கருவிகள் உண்டு.

துருவேறிய கம்பியில் புதுக் கம்பியைக் கட்டி ஊற்றுவதும் நடக்கிறது. சிவப்புத் தூள் உதிர்ந்து கம்பி மெலிந்திருந்தால் அதை நம்ப வேண்டாம்.

மாடி ஏற்றிப் பெரும் உயிர்ச்சேதம் ஆன இரண்டு சம்பவங்கள் உலகறிந்தவை. 1995 ஜூன் 29 அன்று தென்கொரியாவின் சோல் நகரில் சம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். முதலில் நினைத்த திட்டத்தை மாற்றி ஐந்தாவது தளம் ஏற்றினார்கள், நகரும் படிக்கட்டுக்கு இடம் விடத் தூண்களை எடுத்தார்கள், கூரையில் கனமான குளிரூட்டிகளை வைத்தார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷின் சாவாரில் ரானா பிளாசா இடிந்தபோது 1,134 பேர் இறந்தார்கள். அங்கேயும் மேல் தளங்கள் அனுமதியில்லாமல் கட்டியவை. முந்தைய நாளே சுவரில் வெடிப்பு தெரிந்து, கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல் வேலைக்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். நம் பஜாரில் மாடி ஏற்றுகிறவர் "நான் என்ன எட்டு மாடியா கட்டுகிறேன்" என்பார். இரண்டு மாடிக்குப் போட்ட அத்திவாரத்தில் மூன்றாவதை ஏற்றுவதும் அதே வேலைதான்.

ரோட்டில் இருந்து பார்த்தால் இரண்டு மாடிதான். அதற்கு ஏன் இவ்வளவு பயம்?

பின்னால் போய்ப் பாருங்கள். நம் டவுன்களில் ரோட்டு விளிம்பில் நிற்கும் கட்டடத்தின் உண்மையான உயரம் பள்ளப் பக்கத்தில்தான் தெரியும். ரோட்டு மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று மாடி உயரத்துக்குத் தூண்கள் மட்டும் நிற்கும். ஒரு மெல்லிய தூணின் உயரத்தை இரட்டிப்பாக்கினால், அது வளைந்து முறிவதற்கு முன்பு தாங்கும் சுமை நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்தத் தூண்களைக் குறுக்குப் பீம்களால் இறுக்கிக் கட்டியிருந்தால் பரவாயில்லை. பிறகு ஒரு நாள், "சும்மா கிடக்கும் இடம்தானே" என்று அதற்கிடையில் மண்ணைக் குடைந்து ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுவார்கள். அப்போது தூணின் அடியை மூடியிருந்த மண் போய்விடுகிறது.

2020 செப்டம்பர் 20 அதிகாலையில் கண்டி பூவெலிக்கடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தாய், தகப்பன், ஒன்றரை மாதக் குழந்தை மூவரும் இறந்தார்கள். தாங்கள் கட்டாத கட்டடத்தால் போன உயிர்கள். சரிவில் கட்டுகிறவர், தனக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

கட்டடத்தின் பின்பக்கத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். கூரைத் தண்ணீர், குசினித் தண்ணீர், மலசலகூடக் குழியின் கசிவு எல்லாமே தூணின் காலடியில் இறங்குகிற கட்டடங்கள் எத்தனையோ. கானும் (வடிகாலும்) பீலியும் சரி செய்ய ஆகிற செலவு, ஒரு மாடிக்கு டைல் பதிக்கிற செலவில் சின்னப் பங்குதான். ஆனால் டைல் தெரியும், கான் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் மேட்டை வெட்டி ஓர் அறை எடுக்கலாமா?

என்னைக் கேட்டால் இதைத்தான் மாடி ஏற்றுவதைவிட ஆபத்தானது என்பேன். மேட்டை நேர்குத்தாக வெட்டியதும், அதுவரை தன் சரிவில் நிலைத்திருந்த மண்ணுக்கு முன்னால் பிடிமானம் இல்லாமல் போகிறது. வெயில் காலத்தில் அசையாது. மழை இறங்கி மண் கனத்து உள்ளே நீர் அழுத்தம் ஏறும்போது அறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். புளொக் கல்லில் கட்டிய சாதாரண அறைச் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும்; பக்கவாட்டில் தள்ளும் மண்ணைத் தாங்காது. அதற்குத் தாங்கு சுவர் தனியாக வேண்டும். அந்தச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்க வேண்டும், அவற்றின் பின்னால் சல்லி நிரப்பியிருக்க வேண்டும். துளையில் வண்டல் அடைத்திருந்தால் துளை இருந்தும் பயனில்லை. மழை பெய்த மறுநாள் அதில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் மண்சரிவு அபாய மாவட்டங்கள். இங்கே சரிவான நிலத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை அறிக்கை கேட்பார்கள். என்.பி.ஆர்.ஓ. என்று டவுனில் எல்லோரும் சொல்வது அந்த நிறுவனத்தைத்தான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேறுதல் என்று அவர்கள் எச்சரிக்கை விடுவார்கள். இது பொதுவான மலைச்சரிவுக்கான அளவு. நீங்களாக வெட்டி விட்ட மேடு 75 வரை காத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மண் மூடியதை நம் ஆட்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அது மலையே இறங்கியது, வீட்டுக்காரர் வெட்டிய மேடு அல்ல. ஆனால் அந்த இடத்துக்கும் வருடக்கணக்கில் முன்பே எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது.

லயன் வீட்டில் காம்பரா (அறை) போதவில்லை. இஸ்தோப்பை (முன் விறாந்தையை) இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்?

10 அடிக்கு 12 அடி காம்பராவில் மூன்று தலைமுறை குடியிருக்கும் இடத்தில் "இழுத்துக் கட்டாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இடம் வேண்டும், அதனால் கட்டுகிறார்கள். எப்படிக் கட்டுவது என்று மட்டும் சொல்கிறேன்.

லயத்தில் ஒரு வீடு தனி வீடு அல்ல. கூரை மரங்கள் வீட்டுக்கு வீடு உள்ள குறுக்குச் சுவர்களில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சுவரை நீங்கள் எடுத்தால் அடுத்த வீட்டுக்காரரின் கூரையும் இறங்கும். முதுகோடு முதுகாகக் கட்டிய லயம் என்றால் பின்வீட்டுக்காரருக்கும் அதே கதைதான். எனவே குறுக்குச் சுவரையும் நடுச்சுவரையும் தொடவே வேண்டாம். வாசல் பெரிதாக்க முன்சுவரைக் குடைவதாக இருந்தாலும் மேலே லிண்டல் (வாசலுக்கு மேல் குறுக்காக வைக்கும் பீம்) போடாமல் குடையாதீர்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர் சுத்தியல் அதிர்வுக்கே கலகலத்துப் போகும்.

முன்னால் இழுப்பதாக இருந்தால் புது அறை தன் சொந்தக் காலில் நிற்கட்டும். தனி அத்திவாரம், தனித் தூண், தகரக் கூரை. பழைய சுவரில் பீமைச் செருகி அதன் மேல் கொங்கிரீட் தட்டு ஊற்றுவதுதான் மிக மோசமான வேலை. இழுத்த கூரையின் தண்ணீர் பணிய, அதாவது கீழே உள்ள, லயத்தின் மேல் கொட்டாமல் கானில் விழ வேண்டும்.

நிலம் உங்கள் பெயரில் இல்லாததால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் பிரதேச சபைக்குப் போக முடியாது, போனாலும் அனுமதி கிடைப்பது கடினம். துரை (தோட்ட முகாமையாளர்) "வாய்மொழியாகச் சரி" என்று சொன்னதாகப் பலர் சொல்வார்கள். எழுத்தில் வாங்குங்கள். 7 பேர்ச்சஸ் காணி உறுதியோடு தனி வீடு கிடைத்தவர்களும் மேலே தட்டுப் போட அவசரப்படுகிறார்கள். அந்த வீடுகள் ஒரு தளத்துக்கு மட்டும் திட்டமிட்டவை. அதன் சுவரை நம்பி மாடி ஏற்ற வேண்டாம்.

எந்த வெடிப்புக்குப் பயப்பட வேண்டும்?

பூச்சில் மயிரிழை போல ஓடும் வலைப்பின்னல் வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். சாந்து காய்ந்ததால் வருவது. மற்றவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு, கற்களின் இணைப்பு வழியாகப் படிப்படியாக இறங்கும் வெடிப்பு இரண்டும் அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்வதைக் காட்டலாம். சுவரின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரிந்தால் அது பூச்சு வெடிப்பு அல்ல. மண் பக்கத்துச் சுவரில் படுக்கையாக ஓடும் வெடிப்பும், சுவர் உள்ளே புடைப்பதும் மேடு தள்ளுவதன் அடையாளம். தூணில் நெடுக்காக ஓடி, பழுப்புக் கறை கசிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கியிருக்கிறது. தட்டின் அடியில் கொங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தாலும் அதேதான். அதன் மேல் சாந்து பூசி மறைப்பது நோயாளிக்குப் பவுடர் போட்டு விடுவது மாதிரி.

மெதுவாக வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் கட்டடம் நகர்கிறது.

இனி, கோடு போட்டுக்கொண்டு நிற்கக்கூடாத நிலை. தூணில் சாய்வாகக் குறுக்கே வெடிப்பு விழுந்தால், தூணின் மேல்பூச்சும் கொங்கிரீட்டும் பிதுங்கி உதிர்ந்தால், நேற்றுவரை திறந்த கதவுகள் ஒரே நாளில் சிக்கினால், தட்டு தொய்ந்தால், முறிகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டால் அந்த நிமிடமே ஆட்களை வெளியேற்றுங்கள். சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

எங்கள் பாஸ் முப்பது வருடமாகக் கட்டுகிறவர். இஞ்சினியர் எதற்கு?

நல்ல மேசன் பாஸின் கைவேலைக்கு முன்னால் நான் தலைவணங்குவேன். நூல் பிடிப்பதும், சாந்து கலப்பதும், கல் அடுக்குவதும் எனக்குத் தெரியாத கலை. ஆனால் கேடர் எந்த அளவு, தூணுக்கு எத்தனை கம்பி என்பது கைப்பழக்கத்தில் வருவதல்ல, கணக்கில் வருவது. முப்பது வருடமும் ஒரு மாடி வீடு கட்டியவருக்கு, சரிவில் மூன்றாவது தட்டைப் பற்றிய அனுபவம் அதனால் வந்துவிடாது. பாஸிடம் "இது தாங்குமா" என்று கேட்டால் வேலை வேண்டும் என்பதற்காகவே "தாங்கும் மஹத்தயா" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டவர்தான் தவறான ஆளிடம் கேட்டார். நானும் அந்த இடத்தில் தவறான ஆள்தான். நான் வரைகிறவன், கட்டமைப்புக் கணக்குக்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர் பட்டயப் பொறியியலாளர்.

கொங்கிரீட் ஊற்ற அடித்த பலகையைக் கழற்றும் அவசரத்தையும் சொல்ல வேண்டும். கொங்கிரீட்டின் முழுப் பலத்தை 28 நாளில்தான் கணக்கிடுவார்கள். நுவரெலியா போன்ற குளிர் ஊரில் பலம் ஏறுவது இன்னும் மெதுவாக இருக்கும். கொழும்பில் கழற்றிய நாளிலேயே இங்கேயும் முட்டுகளைக் கழற்றினால், இளம் தட்டு தொய்ந்து, வாழ்நாள் முழுக்க அந்தத் தொய்வோடுதான் இருக்கும்.

எந்த வேலைக்கு அனுமதி வேண்டும்?

வர்ணம், டைல், கதவு மாற்றுவது போன்றவற்றுக்குத் தேவையில்லை. சுவர் எடுப்பது, மாடி ஏற்றுவது, இழுத்துக் கட்டுவது, வீட்டைக் கடையாக மாற்றுவது எல்லாவற்றுக்கும் வேண்டும். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும்தான் இதற்கு அடிப்படை. விண்ணப்பம் கொடுப்பது உங்கள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையில். கட்டி முடித்ததும், அனுமதித்த பிளானின்படியே கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பிளான் பாஸானதோடு வேலை முடிந்தது என்று நினைத்து இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பிறகு வங்கிக் கடனுக்குப் போகும்போது அலைவார்கள்.

ஏற்கெனவே அனுமதியில்லாமல் கட்டிவிட்டோம். இப்போது போனால் இடிக்கச் சொல்வார்களா?

சொல்லவும் கூடும். ஆனால் விதிமுறைக்கு உட்பட்டு, பலமும் சரியாக இருந்தால், இருப்பதை வரைந்து கொடுத்துக் கட்டணம் செலுத்திப் பின்னேற்பு அனுமதி வாங்க வழி உண்டு. சபைக்குப் போவதற்கு முன்பு ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அதுவரை மேல் தட்டின் பாரத்தைக் குறையுங்கள். தண்ணீர்த் தாங்கியை இறக்கலாம், களஞ்சியத்தைக் கீழே மாற்றலாம், கூட்டம் கூடுவதை நிறுத்தலாம்.

பக்கத்துக் கடைக்காரர் சுவரை இடிக்கிறார். சொன்னால் பகை வரும். என்ன செய்வது?

ஒரே டவுனில் நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும், அது எனக்கும் தெரியும். முதலில் ஆளிடமே பேசுங்கள்: "அண்ணே, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சுவர், இஞ்சினியர் பார்த்தாரா?" என்று. பதில் சரியில்லை என்றால் சபைக்கு எழுத்து மூலம் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் சொல்லலாம். மண் மேடு சம்பந்தப்பட்டதென்றால் என்.பி.ஆர்.ஓ. மாவட்ட அலுவலகத்துக்கு. வேலை தொடங்கும் முன்பு உங்கள் பக்கத்துச் சுவரைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு வெடிப்பு வந்தால் "முன்பே இருந்தது" என்று அவர் சொல்ல முடியாது.

ஒரு கட்டடம் இடிந்து விழுவதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

தூரமாகப் போங்கள். முதலில் விழுந்தது முழுவதும் அல்ல. மிச்சம் எப்போது வேண்டுமானாலும் விழும். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கமோ ரோட்டின் நீள வாக்கிலோ விலகுங்கள், பள்ளப் பக்கம் போகாதீர்கள். 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ். சிகரெட்டோ லைட்டரோ பற்ற வைக்காதீர்கள். உள்ளே காஸ் சிலிண்டர் உடைந்திருக்கலாம். மின் கம்பி தொங்கினால் கிட்டப் போகாதீர்கள்.

அடுத்த பெரிய உதவி, உள்ளே யார் யார் இருந்தார்கள், எந்த மூலையில் இருந்தார்கள் என்று சொல்வது. எங்கள் பஜாரில் அந்தக் கடைப் பையன் சொன்ன இடத்தில்தான் ஆளைத் தேடினார்கள். கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். உள்ளிருந்து வரும் முனகல் கேட்க வேண்டும். வீடியோ எடுக்க ஏறுகிறவர்களை இறக்குங்கள்.

யாருடைய காலோ கையோ நீண்ட நேரம் பாரத்துக்கு அடியில் நசுங்கியிருந்தால் மருத்துவ உதவி வரும் முன் அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். பாரம் விலகியதும் நசுங்கிய தசையில் சேர்ந்த நச்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பேசிக்கொண்டே பக்கத்தில் இருங்கள், அந்த இடம் பாதுகாப்பானதாக இருந்தால் மட்டும்.

உள்ளே சிக்கிக்கொண்டால்?

வாயைத் துணியால் மூடுங்கள். கத்திக்கொண்டே இருந்தால் தூசி உள்ளே போகும், களைப்பும் வரும். குழாயிலோ சுவரிலோ விட்டு விட்டுத் தட்டுங்கள்.

பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. சத்தம் கேட்டாலே உடம்பு பதறுகிறது.

இப்படி வருவது இயல்பு. பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளைகள் பார்த்திருந்தால் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப அவர்கள் முன் போடாதீர்கள்.

பஜாரில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு பின்பக்கம் இறங்கிப் பள்ளத்திலிருந்து கட்டடத்தைப் பாருங்கள். தட்டுகளை எண்ணி, உரிமையாளர் காட்டும் அனுமதிப் பிளானோடு ஒப்பிடுங்கள். கடைக்குள் கூரையில் ஒரு நீளமான தடம் அல்லது புதுப் பூச்சு தெரிந்தால் அங்கே ஒரு சுவர் இருந்திருக்கலாம். எப்போது எடுத்தது, யார் கணக்குப் பார்த்தது என்று கேளுங்கள். இணக்கச் சான்றிதழின் பிரதி கேளுங்கள். மழை நாளில் ஒரு முறை போய்ப் பின்சுவரில் கை வைத்து ஈரம் பாருங்கள். இதையெல்லாம் கேட்டால் கோபிக்கிற முதலாளியின் கடை வேண்டாம், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும்.